காரை எலும்புக்குக் கீழே

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. உன் அண்ணி நலம். என்னைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நீ, "சரிண்ணா, பாத்துக்கலாம்ணா" என்று பேச்சை மாற்றிவிடுவாய். காகிதத்தில் அது நடக்காது.

இதயம் தறிகெட்டு ஓடினால் ஷாக் கொடுத்துச் சரிசெய்ய என் நெஞ்சில் வைத்திருக்கும் பெட்டி, போன செவ்வாய்க்கிழமை என்னை அடித்தது. ஒரு தடவை அல்ல, நான்கு தடவை. கடையில் ஒரு தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். மேல் தட்டில் இருந்த செம்புக்கம்பி உருளையை எடுக்க இடது கையைத் தூக்கினேன். உள்ளே இருந்து யாரோ உதைத்த மாதிரி இருந்தது. சாப்பாடு கொண்டுவந்த உன் அண்ணி அலறிவிட்டாள்.

"கரண்டைத் தொட்டுட்டீங்களா? நாப்பது வருஷமா சொல்றேன், கேட்டாத்தானே!"

"நான் எங்கடி தொட்டேன்? அதுதான் என்னைத் தொடுது."

ஆஸ்பத்திரியில் பெட்டியின் பதிவைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "உங்க இதயம் ஒழுங்காத்தான் ஓடியிருக்கு, ஐயா. பெட்டியிலிருந்து இதயத்துக்குப் போற கம்பி வழியா ஏதோ இரைச்சல் வந்திருக்கு. அதை இதயம் தறிகெட்டு ஓடுறதா நெனச்சு பெட்டி ஷாக் குடுத்திருக்கு."

திரையை இயக்கும் பெண்ணிடம், "அப்படியே வச்சிரும்மா, நான் கையைத் தூக்குறேன்" என்றேன். தூக்கினேன். திரையில் கோடுகள் கிறுக்கின. இறக்கினேன். சுத்தமாகிவிட்டது. மூன்று தடவை செய்து காட்டினேன்.

தம்பி, நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் உறைக்குள்ளே ஒடிந்த கம்பி எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காரை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே, கை அசையும்போதெல்லாம் மடங்கி மடங்கி ஒடிந்திருக்கிறது. உன் கம்பெனியில் நீ செய்து, முன்பு இருந்ததைவிடப் பாதி பருமன் என்று பெருமைப்பட்ட அதே கம்பி.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

அண்ணன்

மார்ச் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீங்கள் எப்படித் தாங்கினீர்களோ.

டாக்டரிடம் பேசிவிட்டேன். இந்தக் கம்பியை எடுத்துவிட்டு வேறு கம்பி வைக்க, இருப்பவர்களிலேயே கைதேர்ந்த ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறேன். நானே வந்து கூட இருக்கிறேன். அதுவரை இடது கையைத் தோளுக்கு மேல் தூக்காதீர்கள். கட்டித் தொங்கவிட்டுக்கொள்வது நல்லது. மறுபடி தொடர்ந்து அடித்தால், டாக்டர் தந்த வளையக் காந்தத்தைப் பெட்டிக்கு மேலே வையுங்கள். அடிப்பது நின்றுவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காந்தம் இருக்கும்வரை பெட்டி உங்களைக் காப்பாற்றாது.

மெல்லிய கம்பி என்பது வெறும் பெருமைக்காகச் செய்ததில்லை, அண்ணா. இரத்தக் குழாயை அது குறைவாக அடைக்கும், இதய வால்வில் குறைவாக உரசும். அதனால் நன்றாக இருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தை வேறு யாரிடமும் காட்ட வேண்டாம்.

அண்ணியிடம் வருத்தப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் தம்பி

மார்ச் 22

தம்பிக்கு,

நான் கேட்டது ஒரு கேள்வி. நீ எழுதியது இரண்டு பக்கம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தேடினேன். பதில் இல்லை. யாரிடமும் காட்டாதே என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் பதில் என்று எடுத்துக்கொள்ளட்டுமா?

காந்த யோசனைக்கு நன்றி. என் கடையில் அது கூடைக் கணக்கில் கிடக்கிறது. கையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். காயில் கட்டுகிறவனுக்கு ஒரு கை என்றால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

உன்னிடம் ஒன்றைச் சொல்லவில்லை. எனக்குக் கம்பி வைத்த நாட்களில், அந்த ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையில் நான் சும்மா இருக்கவில்லை. இரண்டு வகை கம்பி இருக்கிறது, எது வேண்டும் என்று கேட்டார்கள். எனக்கு யோசனையே இல்லை, "என் தம்பி செஞ்சதுதான் வேணும்" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடமும் சொன்னேன். தையல்கடை வைத்திருக்கிற ஒரு அம்மா பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள். முடிவு பண்ண முடியாமல் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்க என்ன சொல்றீங்க, அண்ணே?" என்று கேட்டாள்.

"கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்துப் போடும்மா, என் தம்பிக்கு நான் ஜாமீன்" என்றேன்.

அவளும் நாள் முழுக்கக் கையை வீசி வேலை செய்கிறவள். துணி வெட்டுகிறவள். அவளுக்கு இன்று நான் என்ன சொல்ல வேண்டும், நீயே எழுது.

அண்ணன்

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

மறைக்காமல் எழுதுகிறேன்.

பதினோராயிரம் பேருக்கு இந்தக் கம்பி வைத்திருக்கிறோம். உங்களைச் சேர்க்காமல் முப்பத்தேழு பேருக்கு ஒடிந்திருக்கிறது. ஒடிகிறது என்று போன ஆகஸ்ட் மாதமே எங்களுக்குத் தெரியும். ஐம்பதைத் தொட்டால் எல்லோருக்கும் அறிவிப்பது என்று முடிவு. அந்த முடிவில் என் கையெழுத்தும் இருக்கிறது.

எங்களை ஈவிரக்கம் இல்லாதவர்கள் என்று நினைக்காதீர்கள். சில வருடங்களில் கம்பி இரத்தக் குழாயோடு ஒட்டி வளர்ந்துவிடும். எடுக்கும்போது குழாய் கிழிந்தால் ஆபரேஷன் மேசையிலேயே உயிர் போய்விடும். இன்று கடிதம் போட்டால் பயத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் நல்ல கம்பியையும் எடுக்கச் சொல்வார்கள். ஒடிந்து சாவதைவிட எடுக்கும்போது சாவது அதிகமாகிவிடும். ராத்திரி பகலாகக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

தையல்கார அம்மாவுக்கு எதுவும் ஆகாது. ஆயிரம் பேரில் மூன்று பேருக்குத்தான் ஒடிகிறது. நீங்கள் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்ளுங்கள். தேதி வைத்தாயிற்று.

உங்கள் தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

என்னைச் சேர்த்து முப்பத்தெட்டு. இன்னும் பன்னிரண்டு பேர் உதை வாங்கினால் பேசுவீர்கள். அந்தப் பன்னிரண்டில் யார் யார் இருக்கலாம் என்று பட்டியல் போட்டுவிட்டீர்களா?

எடுப்பது ஆபத்து என்கிறாய். இருக்கட்டும். அதையும் அவர்களுக்கே எழுது. எடுக்காதே, கையைத் தூக்காதே, மாதம் ஒரு முறை பெட்டியைப் பார்த்துக்கொள் என்று எழுது. அவர்கள் நெஞ்சு, அவர்கள் யோசிக்கட்டும். பயந்துவிடுவார்கள் என்று அவர்களுக்காக நீ ஏன் பயப்படுகிறாய்? எனக்குத் தெரிந்ததால்தான் நான் கையைக் கட்டிக்கொண்டு உயிரோடு இருக்கிறேன்.

அந்தத் தேதியை ரத்து செய்யச் சொல்லிவிட்டேன். பதினோராயிரம் பேருக்கும் கடிதம் போகட்டும், அதில் ஒன்று என் வீட்டுக்கும் வரட்டும். அன்றைக்கு மேசையில் படுக்கிறேன். தம்பி சிபாரிசில் பின்வாசல் வழியாக நுழைய மாட்டேன்.

உன் அண்ணி என்னோடு பேசி நாலு நாள் ஆகிறது. "நீங்க செத்தா அந்தப் பதினோராயிரம் பேரும் வந்து எனக்குக் கஞ்சி ஊத்துவாங்களா?" என்று கடைசியாகக் கேட்டாள். ஆனாலும் என் முடிவு இதுதான்.

தையல்கார அம்மாவை மூன்று நாளாகத் தேடினேன். கடையை வேறு தெருவுக்கு மாற்றிவிட்டாளாம். ஆஸ்பத்திரியில் முகவரி கேட்டால், "அது குடுக்கக் கூடாது, ஐயா" என்கிறார்கள். உங்கள் ஆபீசில் இருக்கும்.

அண்ணன்

ஏப்ரல் 24

அண்ணாவுக்கு,

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். ஐம்பதுக்குக் காத்திருக்க முடியாது என்று கம்பெனிக்கு எழுத்தில் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் கத்தினார்கள். மூன்றாம் நாள் ஒப்புக்கொண்டார்கள். மே முதல் வாரத்தில் எல்லோருக்கும் கடிதம் போகிறது. என்னைக் கம்பிப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி என் வேலை என்ன என்று யாரும் சொல்லவில்லை.

முகவரியை என்னால் தர முடியாது. அது நோயாளியின் இரகசியம். பத்து நாளில் கடிதமே அவர்களிடம் போய்விடுமே, அண்ணா.

இப்போதாவது ஆபரேஷனுக்குச் சம்மதியுங்கள். உங்களை இழந்துவிட்டு நான் எதை வைத்துக்கொண்டு வாழ்வது?

உங்கள் தம்பி

மே 13

தம்பிக்கு,

உங்கள் கம்பெனிக் கடிதம் எட்டாம் தேதி வந்தது. நன்றாக எழுதியிருக்கிறார்கள். எடுப்பதன் ஆபத்தையும் சொல்லியிருக்கிறார்கள். நீ சொல்லி எழுதியதாகத்தான் இருக்கும். சொன்னபடி நாளைக் காலை மேசையில் படுக்கிறேன்.

நேற்றுப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். அதே கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர், இதற்கு என்ன அர்த்தம் என்று ஒவ்வொரு சன்னலாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டுகிறவர், வேலைச் சீருடையிலேயே வந்திருந்தார். உறையில் இருந்தது அவர் மனைவியின் பெயர். தையல்கார அம்மா.

ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதி இறந்துவிட்டாளாம். கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது இதயம் நிஜமாகவே தறிகெட்டு ஓடியிருக்கிறது. பெட்டி அடித்திருக்கிறது. கம்பி முழுதாக ஒடிந்திருந்ததால் அடி போய்ச் சேரவில்லை. அதற்கு முந்தின மாதமே இரண்டு தடவை காரணமில்லாமல் உதைத்ததாம். "வேலைக் களைப்பு, சரியாயிரும்" என்று யாரிடமும் காட்டாமல் இருந்திருக்கிறாள். காட்ட வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

அவரை வெளியே இருந்த பெஞ்சில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னவன் நான்தான் என்றும் சொன்னேன்.

"நீங்கதானா அந்தப் பெரியவரு? சொந்தத் தம்பி செஞ்சதாம், அவரே போட்டுக்கிட்டாராம்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டிருப்பாளே" என்றார்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. எப்போது தெரியும் என்று மட்டும் கேட்டார். எனக்கு மார்ச் மாதம், என் தம்பிக்கு ஆகஸ்ட் என்றேன். அவர் விரல்விட்டு எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார்.

நீ வேலையைப் பணயம் வைத்தது எனக்குத் தெரியும். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஜெயித்துவிட்டீர்கள் என்று எழுதினாயே, அந்த வார்த்தையை இனி என்னிடம் எழுதாதே.

அவர் உன் முகவரியைக் கேட்டார். கொடுத்துவிட்டேன். எழுதுவார். வக்கீல் மூலமாகப் பதில் போடாதே. கணக்குப் போட்டுக் காட்டாதே. உன் கையால் எழுது. நேரில் வரச் சொன்னால் போய் எதிரில் நில்.

நாளை ஆபரேஷனுக்கு நீ வர வேண்டாம். உன் அண்ணி கூட இருக்கிறாள். முடிந்ததும் அவள் போன் பண்ணுவாள், நல்லதோ கெட்டதோ. முதலில் அவருக்கு எழுது. அதற்குப் பிறகு எனக்கு எழுதலாம்.

அண்ணன்