அவ கட்டு, அவ சீட்டு

மார்ச் 6, 2000. லவுடோகா, ஃபிஜி

எங்கள் தையல் ஃபேக்டரிக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ரோனல் என்ற இஞ்சினியர் கொண்டுவந்து வைத்தான். நம் ஜனம்தான், தமிழ் ஒரு வார்த்தை வராது. இனி ஒவ்வொரு காலர் கட்டிலும் கோடு போட்ட சீட்டு இருக்கும். தைத்து முடித்தவள் அதைத் தன் அட்டையில் ஒட்ட வேண்டும். சாயங்காலம் கம்ப்யூட்டர் அட்டையைப் படித்து, யார் எவ்வளவு தைத்தாள் என்று சொல்லுமாம். அப்படியானால் சூபர்வைசர் என்று என்னை எதற்கு வைத்திருக்கிறார்கள்?

தமிழில் எழுதுவதில் ஒரு சௌகரியம். இந்த வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது.

மார்ச் 21

என் லைனில் தன் கட்டை முடித்தவள் அடுத்தவள் கட்டுக்கும் கை கொடுப்பாள். எல்லாருக்கும் ஒரே பஸ். ஒருத்தி தாமதித்தால் எல்லாரும் காத்திருக்க வேண்டும். பதினான்காம் மிஷின் சுஷீலாவுக்கு விரல் மூட்டு வலி. பக்கத்தில் இருக்கும் என் நாத்தனார் கம்லா, புதுக் கட்டு எடுக்காமல் இவள் காலர்களைத் தைத்துக் கொடுக்கிறாள். சீட்டையும் சுஷீலா அட்டையிலேயே ஒட்டிவிடுகிறாள்.

"உன் அட்டையில ஒட்டேண்டி" என்றேன்.

"அவ கட்டு, அவ சீட்டு. நான் எடுத்தா திருட்டுல்ல அண்ணி?"

மே 19

தலைநகர் சுவாவில் பார்லிமெண்டுக்குள் துப்பாக்கியோடு புகுந்துவிட்டார்கள். எண்பத்தேழு ராணுவப் புரட்சியில் நம் ஜனம் பட்டது போதாதா?

ஜூலை 12

சுவா கலவரத்தால் சிட்னி கடைக்காரர்கள் ஆர்டரை நிறுத்திவிட்டார்கள். பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் — கம்ப்யூட்டர் சொன்னபடி. தைத்த கணக்கில் முதல் இடம் சுஷீலா. கடைசி இடம் கம்லா.

கம்லா கடைசியா! அவள் கை ஓடுகிற வேகம் இந்த ஊரில் எவளுக்கு உண்டு? சபேட்டோவில் அவர்கள் கரும்பு நிலத்துக்குக் குத்தகை முடிந்துபோச்சு. இவ சம்பளத்துலதான் அந்த வீட்டுல அடுப்பு எரியுது. மேனேஜர் ராஜேந்திராவிடம் போய்க் கத்தினேன். அவர் சிரித்தார். "கம்ப்யூட்டருக்கு நாத்தனார் கிடையாது, இந்திராவதி. அதுக்குத்தான் வாங்கினோம்."



ஜூலை 13

ரோனலைப் பிடித்து, கம்லா தைத்ததெல்லாம் சுஷீலா கணக்கில் ஏறியதைச் சொன்னேன். அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. "நீங்க சொல்றது சரி ஆன்ட்டி, புரோகிராமை மாத்தி எழுதணும்" என்றான் இந்தியில். யார் எழுதுவது? சனிக்கிழமை குடும்பத்தோடு ஆக்லாந்துக்கே குடிபோகிறான். கேக் வெட்டி வழியனுப்புகிறார்கள். ஓடறவனைத் திட்டி என்ன ஆகப்போகுது?

சுஷீலா அழுதுகொண்டே உண்மையைச் சொல்ல மேனேஜர் அறைக்குக் கிளம்பினாள். கம்லா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வாய மூடிட்டு உக்காரு. ஒருத்தியாவது சம்பளம் வாங்கட்டும்."

ஜூலை 14

கம்லா போய்விட்டாள்.

ஆகஸ்ட் 9

பதினான்காம் மிஷினில் வேலை பாதியாகிவிட்டதாம். மேனேஜர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு மோட்டாரை மாற்றினார். பிறகு பெல்ட்டை மாற்றினார். சுஷீலாவுக்கு வேர்த்துக் கொட்டுகிறது. என்னைக் கேட்டால்தானே காரணம் சொல்வதற்கு!

அக்டோபர் 3

சுஷீலா குடும்பத்துக்கு சிட்னி விசா வந்துவிட்டது. மேனேஜர் நற்சான்று எழுதிக் கொடுத்தார்: தொழிற்சாலையிலேயே வேகமானவள் என்று. அதை வாங்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நவம்பர் 20

கொஞ்சம் ஆர்டர் திரும்பியிருக்கிறது. "சுஷீலா மாதிரி ஒருத்தியைத் தேடிக் கொண்டுவா" என்கிறார் மேனேஜர். அடப்பாவி மனுஷா! சபேட்டோ போனேன். கம்லா இளைத்துப்போயிருந்தாள்.

"எந்த மிஷின் அண்ணி?"

"பதினாலு."

"வரேன். இனிமே சீட்டு விஷயத்துல எனக்கு யாரும் புத்தி சொல்ல வேணாம்."

டிசம்பர் 8

கம்லா சீக்கிரமே முடித்துவிட்டாள். பக்கத்து மிஷினில் நமாகாவிலிருந்து வந்த புதுப்பெண் விநிதா கட்டோடு திணறிக்கொண்டிருந்தாள். கம்லா அந்தப் பக்கம் திரும்பவில்லை. எழுந்து போய்ப் புதுக் கட்டு எடுத்து வந்தாள். நான் கூப்பிட்டதும் காதில் விழாத மாதிரி இருந்தாள்.

கம்ப்யூட்டரில் கம்லா முதல் இடம். மேனேஜருக்கு ஏக சந்தோஷம். பஸ் விநிதாவை விட்டுவிட்டுக் கிளம்பியது. நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானும் அந்த பஸ்ஸில்தான் வந்தேன்.