சிரிப்பு விழுந்த கேசட்

பிராட்டில்போரோ, வெர்மான்ட்
9 அக்டோபர் 2004

அன்பு மகன் எம்மெட்டுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் குளிருக்கு விறகு அடுக்கி முடித்துச் சௌக்கியமாக இருக்கிறோம். அலாஸ்காவில் நீயும் திடமாக இருக்கவேண்டும், ஏனென்றால் இன்று நான் திட்டப்போகிற திட்டைச் சீக்காளி தாங்கமாட்டான். போனிலேயே திட்டியிருப்பேன், ஆனால் தொண்டை அறுவையில் அம்மாவின் குரல் போன பிறகு, அவளுக்குப் பங்கில்லாத போன் நமக்கு வேண்டாம் என்று கடிதத்துக்கு மாறியது நாம்தானே.

என் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய பரிசு வந்தது. எழுபத்தொன்பதில் சந்தை மைதானத்தில் தகரக் கொக்கு இசைக்குழு வாசித்ததை நான் என் கையால் பதிந்து, உன்னிடம் கொடுத்திருந்த கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சுத்தம் செய்து, சிடியாக்கி அனுப்பியிருக்கிறாய். மகாராஜா தோரணையில் என் கேசட் கூட்டாளி கிளைடை வரவழைத்தேன். அவன் தன் வால்வு ஆம்ப்ளிஃபயரைக் கைக்குழந்தை மாதிரி போர்த்தித் தூக்கிவந்தான். அதைப் போட்டால் மூன்று தெருவுக்குக் கணப்பு வேண்டாம். என் ஸ்பீக்கர்கள் உனக்குத் தெரியும், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம் குடியிருக்கலாம். அவற்றின் நடுவே தரையோடு ஆணியடித்த என் நாற்காலியில் நான் அமர்ந்தேன். அது அரை விரற்கடை நகர்ந்தால் இரு பக்க ஒலியும் பிசகி, கிட்டார்க்காரன் மைதானத்தை விட்டே ஓடிவிடுவான். அம்மா மூலையில் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள்.

நாலாவது பாட்டில் எல்லா வாத்தியமும் அடங்கி ஒற்றைக் கிட்டார் மட்டும் வரும் இடம். அம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்தாள். எதுவும் வரவில்லை. கிட்டார் மட்டும். "அடேயப்பா ரோலண்டு, கண்ணாடி மாதிரி இருக்குய்யா! அந்தச் சிரிப்பு போயே போச்சு, உம் மவன் மந்திரவாதிதான்" என்று கிளைடு தொடையில் தட்டினான். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

அட முட்டாளே, அந்தச் சிரிப்பைத் துடைக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது! அன்றைக்கு மைக் தாங்கியின் கால் ஒடிந்து, மூன்று மணி நேரம் மைக் கம்பத்தை இரண்டு கையாலும் நானே பிடித்திருந்தேன். பதிகிறவர்கள் நிற்கும் இடத்தில் கை தட்டக்கூடாது, இருமக்கூடாது, செத்தால்கூடச் சத்தமில்லாமல் சாகவேண்டும். அந்த நேரம் பார்த்து, கழுகளவு கொசு ஒன்று என் மூக்கில் வந்து உட்கார்ந்தது. விரட்டக் கை இல்லை. நான் மூக்கை ஆட்டியதைப் பார்த்து அம்மா சிரித்தாள் பார், மைக்குக்கு நேர் கீழே, கனடா எல்லை வரை கேட்டிருக்கும். அதற்குப் பிறகு கச்சேரிக் கேசட்டுகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் பைத்தியங்கள் எல்லாரும் "சிரிப்பு விழுந்த கேசட்டா? வேணாம்ப்பா" என்று ஒதுக்கினார்கள். நானும் இருபத்தைந்து வருஷம் உன் எதிரிலேயே, "உங்கம்மா கெடுத்த கேசட்டு, உங்கம்மா கெடுத்த கேசட்டு" என்று பாட்டாகவே பாடினேன்.

ஆகையால் இந்தத் திட்டில் பாதி எனக்கு. பாதி அல்ல, முக்கால். உன் பாட்டி வீட்டுக் கிறிஸ்துமஸ் கேசட்டில் அம்மா பேசியிருந்தாள், நினைவிருக்கிறதா? வெற்றுக் கேசட் கையில் இல்லாத ஒருநாள், அதன்மேல் கச்சேரி பதிந்த மகாபாவி நான்தான். இனி அவள் குரல் இருக்கிற இடம் அந்த ஒரு கேசட், அந்த நாலாவது பாட்டு, அவ்வளவே.

அவளிடம் உன்னைத் திட்டினேன். ஸ்லேட்டை எடுத்து, "அவன ஏன் வையறீங்க? நீங்க கேட்டதத்தான செஞ்சான்" என்று எழுதினாள். பிறகு அதை அழித்துவிட்டு, "எப்படி இருந்துச்சுன்னு எனக்கே மறந்துபோச்சு" என்று எழுதினாள். கிளைடு ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, தொப்பியைக்கூட எடுக்காமல் போய்விட்டான்.

பரிசோடு வைத்த சீட்டில், மாதக் கடைசியில் வீடு மாறும்போது பழைய கேசட்டுகளைக் குப்பையில் போட்டுவிடுவதாக எழுதியிருக்கிறாய். போட்டாயோ, அலாஸ்காவுக்கு நடந்தே வருவேன், வழியில் கரடிகள் எனக்குப் பயந்து மரமேறும். தபாலிலும் அனுப்பாதே. கம்பளியில் சுற்றி, அடுத்த மாதம் நன்றி அறிவித்தல் நாள் விருந்துக்கு நீயே எடுத்து வா. நாற்காலியின் ஆணிகளைப் பிடுங்கிவிட்டேன். இனி நடுவில் உட்காரப்போவது அம்மா.

கடவுள் உன்னைக் காப்பாராக. காதை மூடிக் குல்லாய் போடு. மறந்துவிடாதே, அந்தக் கேசட்டில் எதையும் துடைக்காதே. கொசுவின் சத்தம் கேட்டால், அதையும் விட்டுவை.

தீராக் கோபத்தோடும் அதைவிடப் பெரிய பாசத்தோடும்
உன் அப்பா
ரோலண்டு