வேட்டியில் விழுந்த நிழல்

இன்று கடையில் பழைய கம்ப்யூட்டரைக் கழற்றினோம். புதியதை மாட்ட வந்தவர், பழையதில் கிடந்த போல்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து, எது வேண்டும் எது வேண்டாம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். ‘வெளியூர்’ என்று பெயர் போட்டிருந்த ஒன்றில் நின்றார்.

“இது என்னக்கா, டூர் போன போட்டோவா?”

“ஆமா தம்பி. அதையும் எடுத்து வச்சிருங்க.”

அவர் போன பிறகும் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வைத்த பெயர்.

குடும்பப் படத்தைக் கொண்டுவந்து, அதில் ஒருவரை மட்டும் எடுத்துவிடச் சொல்லுகிறவர்கள் நம் ஸ்டுடியோவுக்கு அவ்வப்போது வருவார்கள். பிரிந்துபோன மருமகள், பேச்சுவார்த்தை நின்றுபோன தம்பி. நான் என்றால் பின்னாலிருக்கும் சுவரை அந்த ஆளின் மேல் இழுத்துப் பூசி வேலையை முடித்துவிடுவேன். நீ அந்த ஆளை முதலில் ஒழுங்காக வெட்டியெடுத்து இந்தப் போல்டரில் சேமித்த பிறகுதான் சுவரில் கை வைப்பாய். “செத்தா போயிட்டாவ? வெளியூர் போயிருக்காவ” என்பாய்.

நாம் இருவரும் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம் அது. பசுவந்தனைப் பக்கத்திலிருந்து, ஆடு வளர்க்கும் ஒரு பெரியவர் சட்டம் போட்ட படத்தோடு வந்தார். வீட்டு வாசலில், கரிசல் மண்ணில், சாயங்கால வெயிலில் எடுத்த படம். இடது ஓரத்தில் தாவணி போட்ட மகள், அவளை ஒட்டி அம்மா, அடுத்து அவர், கடைசியில் மகன்.

“இவள எடுத்துருங்கம்மா” என்று மகளின் மேல் விரலை வைத்தார். பிடித்தவனைக் கட்டிக்கொண்டு சாத்தூருக்குப் போய்விட்டாளாம்.

அந்தப் பெண்ணுக்குச் சுருட்டை முடி. காற்றில் பாதி முடி கலைந்து நின்றது. நீ படத்தைப் பெரிதாக்கி, காதோரம் பறந்த ஒவ்வொரு முடியாகப் பிரித்துக்கொண்டிருந்தாய். காலையில் உட்கார்ந்தவள் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

“ஏட்டி, தூக்கிப் போடப்போற ஆளுக்கு எதுக்கு இம்புட்டு மெனக்கெடுதே?” என்றேன்.

“முடிய மொத்தமா வழிச்சு வெட்டுனா, திரும்ப ஒட்டும்போது தொப்பி வச்ச மாதிரி இருக்கும்ட்டி.”

“யாரு ஒட்டச் சொல்லப்போறா?”

“வருவாவ” என்றாய், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மூன்றாம் நாள் அவர் வந்து புதுப் படத்தை வாங்கிப் பார்த்தார். மகள் நின்ற இடத்தில் சுவர் இருந்தது. வாசல் மண் இருந்தது. தலையாட்டினார். பிறகு என்ன தோன்றியதோ, வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். மனைவியின் சேலையில், தோள் பக்கம், ஒரு நிழல் விழுந்திருந்தது.

“இது யாரு நெழலு?”

உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். “கவனிக்கல அண்ணாச்சி. இப்ப எடுத்துருதேன், குடுங்க” என்று கையை நீட்டினாய். அவர் கொடுக்கவில்லை.

“கெடக்கட்டும்” என்று சொல்லி, படத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வேண்டுமென்றே விட்டாயா என்று அன்றைக்கே உன்னைக் கேட்டேன். “கரண்டு போயிருமேன்னு அவசரத்துல விட்டுட்டேன்” என்று சிரித்தாய். ஒரு முடியைக்கூட விடாதவள், முழு நிழலை விட்டுவிட்டாயாக்கும். நான் இன்றுவரை நம்பவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து அவர் மறுபடி வந்தார். ஆள் மெலிந்திருந்தார். மகள் இல்லாத அதே படத்தை மேசையில் வைத்தார்.

“அவளத் திரும்ப வைக்க முடியுமாம்மா? பழைய போட்டோவ அன்னைக்கே கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன். பிலிமும் இல்லங்கான், எடுத்தவன்.” நிறுத்தி, மெதுவாகச் சொன்னார்: “புள்ள பெத்திருக்காளாம். வான்னு கூப்பிட வாய் வர மாட்டங்கு. இத அனுப்புனா புரிஞ்சுக்கிடுவாள்லா?”

நீ ‘வெளியூரை’த் திறந்தாய். கலைந்த முடியோடு மகள் திரையில் வந்து நின்றாள். அவர் தலைத்துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

“பழைய எடத்துலேயே வச்சிரவா அண்ணாச்சி?”

“வேண்டாம். ஓரத்துல நிக்க வேண்டாம். எம் பக்கத்துல நிக்கட்டும்.”

அங்கேதான் வேலை கடினமாயிற்று. அவரையும் மகனையும் நகர்த்தி இடம் விட்டோம். அம்மாவின் சேலையில் கிடந்த நிழலை அப்போதுதான் எடுத்தாய். அப்பாவின் பக்கத்தில் மகளை வைத்ததும், அவள் தரையில் நிற்காமல் எங்கோ மிதக்கிறவள் போல இருந்தாள். தரைக்கு நிழல் போடும் வேலையை என்னிடம் கொடுத்தாய். நான் அவள் உருவத்தையே கறுப்பாக்கித் தரையில் சாய்த்துப் போட்டேன்.

“என்னட்டி, தார் ஊத்துன மாதிரி இருக்கு?”

“கரிசல் மண்ணு. கறுப்பாத்தான இருக்கும்?”

“அங்கன மண்ணுல வெடிப்பு இருக்கு, சருகு கெடக்கு. நெழலு விழுந்தா அதெல்லாம் எங்க போகும்? உள்ள தெரியணும்லா.”

நிழலின் அழுத்தத்தைக் குறைத்தேன். காலடியில் மட்டும் இறுக்கமாக வைத்து, தள்ளிப் போகப் போக ஓரத்தை மங்கலாக்கச் சொன்னாய். மண் தெரிந்தது, சருகு தெரிந்தது, அந்தப் பெண்ணின் கால் தரையில் ஊன்றியது.

ஆனால் நிழலில் பாதி, அப்பாவின் வெள்ளை வேட்டியில் விழ வேண்டும். துணி மடிப்பில் நிழல் எப்படி வளையும் என்று இருவருக்கும் தெரியவில்லை. வெயில் சாயும் நாலரை மணிக்கு, பாஸ்போர்ட் படத்துக்குப் பின்னால் தொங்கவிடும் வெள்ளைத் துணியை என் சுடிதாருக்கு மேல் வேட்டியாகச் சுற்றிவிட்டு, ஸ்டுடியோவுக்குப் பின்னால் இருந்த சந்தில் என்னை நிறுத்தினாய். நீ மகளின் இடத்தில், உன் நிழல் என் மேல் விழ நின்றுகொண்டு, குனிந்து குனிந்து பார்த்துத் தாளில் கோடு போட்டாய். எதிர் டீக்கடைக்காரர் கண்ணாடித் தம்ளரோடு வெளியே வந்துவிட்டார்.

“என்னம்மா நடக்குது அங்கன?”

“இவதான் மாப்பிள்ள, அண்ணாச்சி. எப்படி இருக்கா?” என்றாய்.

நான் சிரித்ததில் வேட்டி அவிழ்ந்துவிட்டது. “ஆடாதட்டி மூதி, நெழலு கலையுது!” என்று கத்தினாய்.

படத்தை வாங்க அவரே வந்தார். தன் வேட்டியில் விழுந்திருந்த நிழலைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். தபாலில் அனுப்ப அட்டை கேட்டார். நீயே வைத்துக் கட்டிக் கொடுத்தாய்.

பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் கடைக்குள் வந்தாள். அந்த முடியை வைத்தே இருவரும் ஆளைக் கண்டுபிடித்துவிட்டோம். பையிலிருந்து படத்தை எடுத்தாள். பின்னால் நம் ஸ்டுடியோ முத்திரை இருந்தது.

“இது எப்பக்கா எடுத்தது? நான் எங்கப்பா பக்கத்துல நிக்கவே இல்லையே.”

நான் விளக்க வாயெடுப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். “ஒங்கப்பா அங்கன நிக்கச் சொன்னாவ.”

அவள் அழுதாள். குழந்தை அவள் முடியைப் பிடித்து இழுத்தது. பசுவந்தனை பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். நீ குழந்தையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போனாய்.

அதற்கப்புறம் உனக்கும் கல்யாணமாகி மதுரைக்குப் போனாய். ஸ்டுடியோ என் கைக்கு வந்தது. போனில் பேசினால் பாதி நேரம் சிரிப்பாகத்தான் இருக்கும். மார்பில் கட்டி என்று சொன்னபோதுகூடச் சிரித்துக்கொண்டே சொன்னாய். ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க வந்தேன். தலையில் துணி கட்டியிருந்தாய். நான் அதையே பார்ப்பதைக் கண்டதும் துணியை அவிழ்த்து மொட்டைத் தலையைக் காட்டினாய்.

“பாத்தியா? இப்ப என்னையப் போட்டோலேர்ந்து வெட்டுறது லேசுட்டி. அஞ்சு நிமிசத்துல முடிச்சிரலாம்.”

நான் சிரித்துவிட்டேன். பிறகு உன் மடியில் முகத்தை வைத்து அழுதேன். நீதான் என் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாய். அந்த மாதமே போய்விட்டாய்.

உன் அளவுக்கு எனக்கு இன்னும் கை வரவில்லை. ஆனால் போன வாரம் ஒரு அக்கா வந்து, கல்யாண வீட்டுப் படத்திலிருந்து அண்ணனை எடுத்துவிடச் சொன்னார். கோபத்தில் படத்தை மேசையில் வீசினார். கடையில் அன்றைக்கு ஒரு வேலையும் இல்லை. காலையிலிருந்து சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.

“வேல நெறைய கெடக்குக்கா. ஒரு வாரம் கழிச்சு வாங்க” என்றேன்.

வாரம் முடிந்து இரண்டு நாளாகிறது. அவர் இன்னும் வரவில்லை. வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால், அவராக இருக்கக்கூடாதே என்று எட்டிப் பார்க்கிறேன்.