ஸ்டெல்லாவோட கைஸ்

நவம்பர் 3, திங்கள்

விடியலிலிருந்து மழை. லீவு விடுவார்கள் என்று டிவி முன்னால் உட்கார்ந்ததுதான் மிச்சம். துணி காயவில்லை. கேஸ் புக் பண்ணணும். ஏழு பி பேப்பர் இன்னும் திருத்தலை.

சாயங்காலம் மழை விட்டதும் மாடியில் ஸ்டெல்லா வீடியோ. என் வீட்டுக்காரருடைய தம்பி பெண்டாட்டி. பிளஸ் டூவில் இங்கிலீஷ் பெயில். "ஹாய் கைஸ்! இன்னிக்கு இன்னா செய்யப் போறோம்னா, காசிமேட்டுல இருந்து ஷோக்கா வஞ்சிரம் வந்துகீது!" சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப. ஹாய் கைஸ், ஹாய் கைஸ். நான் பி.ஏ. இங்கிலீஷ், ஸ்கூல் டீச்சர். எனக்கு ஒரு கைஸும் இல்லை.

போன் பிடித்தது யார்? இவர். ஹார்பர் ஷிப்ட் முடிந்து வந்த கையோடு. என் ஸ்கூல் ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டால் மட்டும் இவருக்குக் கண் எரியும்.

நவம்பர் 4, செவ்வாய்

வெயில். திருவொற்றியூர் ரோடு முழுக்க கன்டெய்னர் லாரி, பஸ் லேட்.

கணக்கு டீச்சர்: "ஜெசி, உங்க வூட்டு ஸ்டெல்லாவோட ஒரு செல்பி எடுக்கணும், கேட்டுச் சொல்லேன்." சிரித்து வைத்தேன். வயிறு எரிந்தது. பொறாமைதான், இங்கே எழுதுவதற்கு என்ன? இந்த வீட்டில் எனக்கென்று இருந்தது இங்கிலீஷ் ஒன்றுதான். அதையும் மீன் குழம்பில் போட்டுக் கிண்டுகிறாள்.

லைப்ரரியில் பெரிய டிக்‌ஷனரி. கைஸ் தேடினேன். இங்கிலாந்தில் ராஜாவையும் பார்லிமெண்டையும் வெடி வைத்துத் தகர்க்கப் பார்த்துப் பிடிபட்ட ஒருத்தன் பேர் கை. (நம்ம கை இல்லை.) வருஷாவருஷம் அவனை மாதிரி வைக்கோல் பொம்மை கட்டி, தெருவில் இழுத்துப் போய்க் கொளுத்துவார்கள். பொம்மைக்கும் கை என்றே பேர். அப்புறம், கோமாளி மாதிரி உடுத்துகிறவன் கை. அமெரிக்கா போனதும் எந்த ஆம்பளையும் கை. பிறகு பொம்பளைகளையும் சேர்த்து எல்லாரும் கைஸ். கடைசியில் ராயபுரம் மொட்டை மாடி.

நம்ம ஊர் கொடும்பாவியேதான்! மனசு குளிர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் புது ஐடி, பேர் உப்புக்காற்று. வஞ்சிரம் வீடியோவுக்குக் கீழே முழுக் கதையும் எழுதினேன். கடைசி வரி: "ஆக, தங்கச்சி, தினமும் எங்களைக் கொடும்பாவிகளே என்று கூப்பிடுகிறாய். தெரியாத பாஷை உனக்கு எதுக்கு?"

நவம்பர் 5, புதன்

மூட்டம். தோசை மாவு புளித்துவிட்டது.

ஸ்டெல்லா தடதடவென்று இறங்கி வந்தாள். அழுதுகொண்டு வருகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு! "அக்கா, இந்தக் கமெண்டைப் பாரேன். கொடும்பாவிகளேவாம்! இன்னா அறிவுக்கா! உனக்கு இது தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"டீச்சர், உனக்கே தெரியல பாரு."

நவம்பர் 7, வெள்ளி

அவள் புது வீடியோ. "ஹாய் கொடும்பாவீஸ்!" தலையணைக்குப் புருஷன் லுங்கியைக் கட்டி மாடி முழுக்க இழுத்துக்கொண்டே என் கதையைச் சொல்கிறாள். என்னைவிட நன்றாகச் சொல்கிறாள். அதுதான் தாங்கவில்லை. முடிவில்: "உப்புக்காத்து, நீ அக்காவோ அண்ணனோ, நம்ம வூட்டுக்கு வா. நண்டு வறுத்துத் தரேன்."

ஏழு பி-யில் பசங்க அப்படியே ஒப்பிக்கிறார்கள். நான் நடத்திய டென்ஸ் ஒன்றுகூட அதுங்க மண்டையில் நிற்கவில்லை.

நவம்பர் 8, சனி

மறுபடி தூறல். பால் பாக்கெட் வரவில்லை, கடுங்காப்பி.

இவர் ஹாலில் போனும் கையுமாக. "ஜெசி, இந்த உப்புக்காத்து ஆளு இன்னாமா எழுதிகீறாரு பாரு. படிச்சவன் படிச்சவன்தான்."

கல்யாணம் ஆன நாளாக என் எழுத்தில் ஒரு வரி படிக்காத மனுஷன். இப்போது ஸ்டெல்லா மேல்கூட எரியவில்லை, அந்த உப்புக்காற்று மேல்தான் எரிகிறது. அது நான்தான் என்று வாய் வரை வந்தது. சொன்னால் அந்தக் கடைசி வரியும் என்னுடையது என்று தெரிந்துவிடும். அடுப்படிக்கு வந்துவிட்டேன்.

போன் அதிர்ந்தது. உப்புக்காற்றுக்கு மெசேஜ். இவர்தான்.

"வணக்கம் சார். என் ஒய்ஃபும் இங்கிலீஷ் டீச்சர். பாவம், இந்த அளவுக்குத் தெரியாது. கொஞ்சம் சொல்லித் தர முடியுமா?"

உடனே டைப் அடித்தேன்: "அவளை ஒரு தரமாவது கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா?"

ஹாலில் இவர் போன் டிங் என்றது. இப்போது கூப்பிடுகிறார்.

"ஜெசி. இங்க வாயேன்."