பேரலுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு பஸ் டிக்கெட்

மே 11, திங்கள்

காலை எட்டுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. வேலை பார்க்கும் மண்டியில் அரை நாள் லீவு. தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்த ரைஃபிளை ஒருவழியாக வாங்கி வந்தாயிற்று. பாயின்ட் டூ டூ, போட்டியில் சுடும் சின்னக் குண்டு ரகம், கம்பெனியில் செய்தது செய்தபடி. ஏட்டு கேட்டார்: "இதுல காட்டுப்பன்னி சாவுமாம்மா?" குறி அட்டைதான் ஓட்டையாகும் என்றேன். அவருக்கு ஏமாற்றம்.

துப்பாக்கி சுடுதலுக்கு மாவட்டத் தேர்வு 31-ஆம் தேதி. போன வருஷம் ஒரே பாயின்டில் போனது. இந்த முறையும் போனால் என்னை நானே நம்ப மாட்டேன்.

மே 13, புதன்

கிளப். ஐம்பது மீட்டர், படுத்து. முதல் ஐந்து குண்டும் ஒரு ரூபாய்க் காசுக்குள். ரைஃபிள் பெல்ட்டைக் கையில் இறுக்கியதும் குண்டெல்லாம் மேலே, வலது பக்கம் ஓட்டம். எட்டு, ஏழு, எட்டு. ரைஃபிளில்தான் கோளாறு என்றேன். கோச் எல்லார் முன்னாலும்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டில் பர்ஸைத் துழாவினேன். காலையில் டவுன் பஸ்ஸில் கொடுத்த இலவச டிக்கெட். அதைப் பேரலுக்கும் மரக்கட்டைக்கும் நடுவில் விட்டுப் பார்த்தேன். நாலு விரல் தூரம் போய் நின்றது. கட்டை பேரலை முட்டுகிறது, பெல்ட்டை இறுக்கினால் தள்ளுகிறது! கூடம் கோணல்தான், சார்.

மே 16, சனி

உப்புத்தாள் வைத்துக் கட்டையின் பள்ளத்தைத் தேய்த்தேன். விரல் தோல் போச்சு. சாயங்காலம் டிக்கெட் கடைசி வரை ஓடியது.

அடுத்த வேலை: ரைஃபிளின் இரும்புப் பாகம் கட்டையில் ஆடாமல் உட்கார, நடுவில் பிசின் ஊற்றி இறுக விடும் வார்ப்பு. கோச்சுக்குப் போன். நம்பவில்லை, ஆனாலும் சொன்னார்: இரும்பில் மெழுகு பூசு, இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் மெழுகு இல்லை. தம்பி குமார்: "பலாப்பழம் அரியறப்ப கையில தேங்காண்ணெதானே தடவறோம்? அதையே தடவுக்கா." சரியாகத்தான் பட்டது. எண்ணெய் தடவி, பிசின் ஊற்றி, திருகாணியை முடுக்கி வைத்தேன்.

மே 17, ஞாயிறு

திருகாணி கழன்றது. இரும்பு கட்டையை விட்டுக் கழலவில்லை. பிசின் இறுகிக் கல்லு. பலாப்பழமாம், பலாப்பழம்! அழுதேன். பிறகு குமாரைத் திட்டினேன். அதற்குப் பிறகுதான் சோறு இறங்கியது.

கோச் போனில்: "சுத்தியல எடுத்துராதம்மா. குளிருல வையி. இரும்பு சுருங்கும், வுட்டுரும்."

மே 18, திங்கள்

மறுபடி லீவு. அரூரில் குமாரின் பேக்கரி, ஐஸ்க்ரீம் பெட்டி. குண்டெல்லாம் வீட்டில் பூட்டி வைத்தாயிற்று, குண்டைத் தள்ளிப் பூட்டும் போல்ட் என் பையில். மீதியைத் துணியில் சுற்றிக் குல்ஃபி மேலே படுக்க வைத்தோம். லைசென்ஸ் சாமான், விட்டுப் போக முடியாது. பக்கத்திலேயே ஸ்டூல் போட்டுக் காவல்.

ஒரு அம்மா வந்தார்: "கப் ஐஸ் ஒண்ணு குடுங்க."

குமார்: "பொட்டி ரிப்பேருங்க."

"லைட்டு எரியுதே?"

"லைட்டு மட்டுந்தாங்க எரியும்."

கொஞ்ச நேரம் கரண்ட் போனது. மாரியாத்தா, இன்றைக்கு மட்டும் வேண்டாம். வந்தது.

சாயங்காலம் எடுத்து ரப்பர் செருப்பால் ஒரு தட்டு. டக். விட்டது! குமார் போட்ட கூச்சலில் டீ குடித்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். உள்ளே வார்ப்பு வழவழவென்று. ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது. போகட்டும்.

குமாருக்கு இரண்டு குல்ஃபி நஷ்டம். ஒன்று நான் தின்றது.

மே 23, சனி

கிளப். ட்ரிகரைக் கோச்சே இளக்கிக் கொடுத்தார். பெல்ட் இறுக்கிப் பத்து குண்டு. ஓடவில்லை. எல்லாம் நடுவில், ஒன்றன்மேல் ஒன்று. கோச் அட்டையை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "கூடம் கோணலாத்தாம்மா இருந்திருக்குது." அவ்வளவுதான். மன்னிப்பெல்லாம் அவர் வாயில் வராது. போதும்.

திரும்பும்போது ஒரு பயம். இனி சொல்லச் சாக்கு இல்லை.

மே 31, ஞாயிறு

காற்று. உள்ளங்கை வேர்வை. கடைசிக்கு முந்தின குண்டில் அவசரப்பட்டேன். விசையை இழுக்கும்போதே தெரிந்தது. ஏழு. போன வருஷம் அந்த ஒரு பாயின்ட் போனது இந்த இடத்தில்தான். போல்ட்டை இழுத்தேன். பேரலைப் பார்க்கவில்லை, கட்டையைப் பார்க்கவில்லை. மூச்சு. கடைசி குண்டு, பத்து.

தேர்வானவர்கள் பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது. மாநிலப் போட்டிக்குப் போகிறேன்!

கோச் அட்டையை விரலால் தட்டினார். "எல்லாஞ் சரி, இந்த ஏழு என்னாச்சும்மா? மறுபடியும் கட்டை முட்டுதா?"

"இல்லீங்க சார். அது நாந்தான்."