அரிசி டின்னுக்குள் சாவி

என்னங்க,

அடுப்படியில கொட்டிக் கிடக்கிற அரிசிய மிதிச்சுடாதீங்க. சக்கரை பார்டர்ல இருக்குன்னு டாக்டர் சொன்னதிலேர்ந்து நீங்க அரிசி டின்னைத் தொடுறதே இல்ல. அதான் லட்டு அலமாரி சாவிய அதுக்குள்ள ஒளிச்சேன்.

இன்னிக்குக் காலையில எனக்கே சக்கரை எறங்கி, கை நடுங்கி, வேர்த்துக் கொட்டிடுச்சு. ஒரு மாசமா உங்களோட சேர்ந்து பாவக்கா ஜூஸ் குடிச்ச பலன். சாவிய எடுக்கும்போது டின் கவுந்துடுச்சு.

சம்பந்திக்கு வாங்கின பன்னிரண்டு லட்டுல ரெண்டுதான் மிச்சம். வேற வாங்க பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போறேன். கிள்ளான்லேர்ந்து அவங்க வந்துட்டா தேத்தண்ணி குடுத்துப் பேசிக்கிட்டு இருங்க.

நேத்து நீங்க மயக்கமா இருக்கு, ஒரு லட்டு குடுன்னப்போ, "நடிக்காதீங்க லா"ன்னு கத்திட்டேன். மன்னிச்சுக்குங்க.

உஷா

பி.கு.: அந்த ரெண்டு லட்டும் உங்களுக்குத்தான். நெசமாவே மயக்கம் வந்தா மட்டும்.

இன்னொண்ணு: இத எழுதி முடிக்கிறதுக்குள்ள மறுபடியும் கை நடுங்கிடுச்சு. இப்போ ஒண்ணுதான் இருக்கு.