அலமு வளர்த்த கோழிகள்

முசரவாக்கம்
9-5-71

மாமாவுக்கு,

நம் அலமு வளர்த்த கோழிகள் ஒன்பதும் இரண்டே நாளில் செத்துப்போயின. முந்தாநாள் காலை கவிழ்த்திருந்த கூடையைத் தூக்கினேன். நாலு, விறைத்துக் கிடந்தன. மற்றவை நேற்று ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன.

கடைசிப் பெட்டையை மடியில் கட்டிக்கொண்டு டவுன் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் அதுவும் போய்விட்டது. டாக்டர், "என்னா நோவுன்னு தெரியலைம்மா, பொதைச்சிடு" என்றார். தை மாதம் நம் மகள் அலமுவைத் தூக்கிக்கொண்டு ஓடியபோதும் காரணம் தெரியவில்லை என்றுதான் சொன்னார்கள்.

அவள் போன பிறகு விடிந்ததும் நான் எழுந்ததெல்லாம் இவற்றுக்குத் தீனி போடத்தான்.

பக்கத்து வீட்டு ஜெயம்மாள், "வேற குஞ்சு தரேன், வளர்த்துக்கினு இரும்மா" என்றாள். வேண்டாமென்றுவிட்டேன்.

லீவு இல்லையென்று எழுதாதீர்கள். இன்று உச்சிவெயில் ஏறிவிட்டது. பாயில் படுத்தபடிதான் இதை எழுதுகிறேன்.

தங்கள் மனைவி